கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க முடியுமா?

போன பள்ளி விடுமுறையில் கூலாயில் இருக்கும் என் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போய் உட்கார்ந்து, "பசியாறியாச்சா மாமா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், அவள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முகமெல்லாம் பெருமை.

"மாமா, நீங்க ஆசிரியரா இருந்தவரு. நீங்க பார்க்கணும். உங்க பேரன் இப்ப கண்ணைக் கட்டிக்கிட்டே படிக்கிறான்!"

பேரனுக்கு ஒன்பது வயது. சூட்டிகையான பையன்தான். ஆனால் பள்ளியில் கொஞ்ச நாளாய்ப் பின்தங்கிவிட்டான். வகுப்பில் எழுதிப் போடுவதைப் பாதி விட்டுவிட்டு வருகிறான், கணக்கை மாற்றி எழுதுகிறான், கவனம் போதவில்லை என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அந்தக் கவலையில் இருந்தபோதுதான் யாரோ ஒரு துண்டு விளம்பரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டே நாள் பயிற்சி. பிள்ளையின் நடுமூளை விழித்துக்கொள்ளும். ஞாபக சக்தி பெருகும். அதற்குச் சாட்சியாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்வான், எண் சொல்வான், புத்தகமே படிப்பான். கட்டணம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி.

மாப்பிள்ளை தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மழை, வெயில் எதுவும் பார்ப்பதில்லை. அந்த ஆயிரம் வெள்ளி எத்தனை இரவு கூடுதல் நேர வேலை என்று எனக்குத் தெரியும்.

பையனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கறுப்புத் துணியைக் கட்டினார்கள். நிற அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அவன் தடவினான், முகர்ந்தான், மடிக்கு மேலே பிடித்துக்கொண்டு முகத்தைச் சற்றே நிமிர்த்தினான்.

"மஞ்சள்."

மஞ்சள்தான்! அடுத்தது பச்சை. அதுவும் சரி. பிறகு எண்கள். பிறகு தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரி. பக்கத்து வீட்டு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் தங்கை மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஐயா, அந்த அட்டையை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடிச்சுச் சொல்லு பார்ப்போம்."

பையன் கை பாதியில் நின்றது. "அப்படி வராது தாத்தா" என்றான், மெதுவாக.

மாப்பிள்ளை குறுக்கிட்டார். "மாமா, சோதிச்சா வராதுன்னு சொல்லியிருக்காங்க. நம்பிக்கையோட இருந்தாத்தான் வரும். சந்தேகப்பட்டா சக்தி போயிடுமாம்."

நான் மேலே பேசவில்லை. பையன் எதிரில் பேசக்கூடாது. ஆனால் வாசகர்களே, உங்களிடம் பேசலாம். இந்தப் பகுதிக்கு எழுதும் தாய்மார்களில் சிலர், "இந்தப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பலாமா?" என்று முன்பே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வாரம்.

முதலில் இந்த நடுமூளை என்பது என்ன?

மூளையை முதுகுத் தண்டோடு இணைக்கும் தண்டுப் பகுதியின் உச்சியில் இருப்பது அது. நீளம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான். நம் கட்டைவிரலின் மேற்கணு அளவுகூட வராது. அளவில் சிறிதானாலும் வேலையில் பெரிது. கண் விழிகளை அசைப்பது, சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்புவது, உடம்பின் அசைவுகளைச் சீராக வைத்திருப்பது, தூக்கத்திலிருந்து விழிக்கச் செய்வது ஆகியவற்றில் அதற்குப் பங்கு உண்டு. அங்கே உள்ள சில உயிரணுக்கள் நசித்துப் போனால்தான் பார்க்கின்சன் என்னும் நடுக்கு நோய் வருகிறது. நடுமூளை பலமாக அடிபட்டால் மனிதன் நினைவிழந்து விடுவான்.

அப்படியானால், ஓடி ஆடி விளையாடும் ஒரு பிள்ளையின் நடுமூளை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் என்ன பொருள்? தூங்கினால் அந்தப் பிள்ளை எழுந்து நடக்குமா?

உங்கள் பிள்ளையின் நடுமூளை வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு காசு செலவில்லை. இரவில் அறையின் விளக்கைக் குறைத்துவிட்டுச் சற்று நேரம் பிள்ளையோடு பேசிக்கொண்டிருங்கள். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு அதன் கண்ணின் நடுவில் இருக்கும் கருவட்டத்தைப் பாருங்கள். பெரிதாக இருந்தது சட்டென்று சுருங்கும். கண்ணில் பட்ட வெளிச்சம் நரம்பு வழியாக நடுமூளைக்குப் போய், அங்கிருந்து 'சுருங்கு' என்ற கட்டளை திரும்பி வருகிறது. மருத்துவமனையில் டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பதும் இதைத்தான். நடுமூளையை எழுப்ப இரண்டு நாள் பயிற்சி தேவையில்லை. அது தாயின் வயிற்றிலேயே எழுந்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். பார்வை என்பது எங்கே நடக்கிறது? வெளிச்சம் ஒரு பொருளின் மேல் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்குள் புகுந்து, கண்ணின் பின்புறத் திரையில் விழுகிறது. அங்கிருந்து நரம்பு அதை மூளையின் பின்பகுதிக்குக் கொண்டு போகிறது. வெளிச்சத்தை வாங்கும் திரை கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. விரல் நுனியிலோ மூக்கிலோ இல்லை. துணியைக் கட்டிவிட்டால் வெளிச்சம் உள்ளே போக வழியில்லை. வழியில்லாதபோது எத்தனை விழித்த மூளையாய் இருந்தாலும் எதைப் பார்க்கும்? கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரர் புத்திசாலி, அதனால் விருந்தாளி உள்ளே வந்துவிடுவார் என்று சொல்வது போல் இருக்கிறது.

"அப்படியானால் பையன் எப்படிப் படித்தான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஒரு கைக்குட்டையை எடுத்து உங்கள் கண்ணை நீங்களே கட்டிப் பாருங்கள். இறுக்கியே கட்டுங்கள். நேரே பார்த்தால் இருட்டு. இப்போது தலையைச் சற்று நிமிர்த்தி, பார்வையை மூக்கின் வழியாகக் கீழே இறக்குங்கள். உங்கள் மடி தெரியும்! நம் மூக்கு முகத்தில் மேடாக நிற்கிறது. மேட்டின் மேல் துணி போனால் இரு பக்கமும் பள்ளத்தில் சந்து விழாமல் இருக்காது. சுண்டு விரல் அகலச் சந்து போதும், ஒரு பக்கத்தையே படித்துவிடலாம். அட்டையை முகர்ந்து பார்ப்பது ஏன், மடியில் வைத்துத் தடவுவது ஏன், நெற்றிக்கு நேரே தூக்கினால் 'வராது' என்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

நம் முன்னோர் இதற்கு அழகாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'கண்கட்டு வித்தை' என்று.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. லயத்தில் ஒரு கோழி காணாமல் போனால், ஒரு தோடு தொலைந்துவிட்டால், மை போட்டுப் பார்ப்பவரைக் கூட்டி வருவார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி ஒரு சின்னப் பிள்ளையின் கையில் கொடுப்பார். "உத்துப் பாரு. ஒரு ஆள் தெரியுதா? தலைப்பா கட்டியிருக்கானா?" சுற்றிலும் இருபது பெரியவர்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். பிள்ளை என்ன செய்யும்? "தெரியுது" என்றுதான் சொல்லும். அந்தத் 'தெரியுது'வால் ஒரு பாவமும் அறியாதவன் திருடன் என்று பெயரெடுத்து ஊரை விட்டுப் போனதும் உண்டு. தெரியவில்லை என்று சொல்லும் துணிவு அந்த வயதில் எத்தனை பேருக்கு வரும்?

வெளி உலகத்திலும் இந்த வித்தை பழையது. காஷ்மீரத்தில் பிறந்த குதா பக்ஷ் என்ற வித்தைக்காரர் இதில் உலகப் புகழ் பெற்றார். 1935-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சியாளர்கள் முன்னிலையில் தீக்குழியில் நடந்து காட்டியவர் இவர். கண்களின் மேல் பிசைந்த மாவை அப்பி, அதன் மேல் துணி சுற்றி, தலை முழுவதும் கட்டுப் போட்ட பிறகும் புத்தகம் படித்தார். நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்து நெரிசலில் சைக்கிளும் ஓட்டினார். எக்ஸ்ரே கண் மனிதர் என்றார்கள். 1981-ல் காலமானார். கடைசிக் காலத்தில் கண்ணில் அழுத்த நோய் வந்து மெல்ல மெல்லப் பார்வையை இழந்தார் என்பதுதான் விதியின் விளையாட்டு. கண்ணில்லாமல் பார்க்கும் வித்தை நிஜமாய் இருந்திருந்தால், அவருக்கு அல்லவா அது முதலில் உதவியிருக்க வேண்டும்?

அறுபதுகளில் சோவியத் ரஷ்யாவில் ரோசா குலெஷோவா என்ற பெண் விரல் நுனியால் அச்செழுத்தைப் படிக்கிறாள் என்று பெரும் பரபரப்பு எழுந்தது. படித்த விஞ்ஞானிகளே மயங்கினார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் கார்ட்னர் மட்டும் மயங்கவில்லை. அவர் கணக்குப் புதிர்கள் எழுதிப் பேர் பெற்றவர், வித்தைக்காரர்களின் நுணுக்கங்களும் அறிந்தவர். 1966-ல் 'சயின்ஸ்' என்ற விஞ்ஞான இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். மூக்கோரச் சந்து வழியாகப் பார்ப்பதை வித்தைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் செய்து வருகிறார்கள், துணி கட்டுவதெல்லாம் சோதனையே ஆகாது, தலையைச் சுற்றிக் கழுத்துவரை பெட்டி போல் மறைத்துவிட்டுச் சோதியுங்கள் என்றார்.

இந்த இரண்டு நாள் பயிற்சிக்கு நம் மலேசியாவுக்கும் தொடர்பு உண்டு என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்ல வேண்டும். 2000-ஆம் ஆண்டுகளின் பிற்பாதியில் இங்கே வியாபாரமாகத் தலையெடுத்து, இந்தோனேசியாவுக்குப் போய், பிறகு இந்தியாவிலும் ஊருக்கு ஊர் பரவியது. இந்தோனேசியாவில் பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை அனுப்பிய சமயத்தில், அந்நாட்டின் மனோதத்துவப் பேராசிரியர் சார்லித்தோ வீராவான் சர்வோனோ 2010-ல் பத்திரிகையில் எழுதி எச்சரித்தார். இந்தியாவில் மங்களூரைச் சேர்ந்த நரேந்திர நாயக் இதை மேடைக்கு மேடை விளக்கிக் காட்டியிருக்கிறார். மருத்துவக் கல்லூரியில் உயிர் வேதியியல் போதித்து, பிறகு பகுத்தறிவுச் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்றவர் அவர். தகுந்த சோதனையில் செய்து காட்டுங்கள் என்று சவாலும் விட்டார்.

சவால் என்றதும் தமிழர்களுக்கு நினைவு வர வேண்டிய இன்னொருவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898-ல் பிறந்து, இலங்கைக்குப் போய், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவர இயல் கற்பித்தவர். 1963-ல், மோசடிக்கு இடமில்லாத வகையில் அற்புதம் செய்து காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று அறிவித்தார். அவர் போட்ட பட்டியலில் ஒன்று என்ன தெரியுமா? உறைக்குள் வைத்து ஒட்டிய ஒரு நோட்டின் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்! 1978-ல் அவர் கண் மூடும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரர் 1964-ல் ஆயிரம் டாலரில் தொடங்கிய இதே மாதிரிப் பரிசு, பின்னர் பத்து லட்சம் டாலராக வளர்ந்து, 2015 வரை அப்படியே கிடந்தது. அதையும் வென்றவர் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு நாளில் முப்பது பிள்ளைகளுக்கு இந்தச் சக்தி வந்துவிடுகிறதாம். அந்த முப்பதில் ஒருவராவது போய் அந்தப் பத்து லட்சத்தை வாங்கியிருக்கக் கூடாதா?

இங்கே சில வாசகர்கள் என் மேல் கோபப்படலாம். "எல்லாவற்றையும் பொய் என்கிறாரே, மூளைக்குப் பயிற்சியே கிடையாதா?" என்று. உண்டு. அதை நம் தமிழர்களே உலகுக்குக் காட்டியிருக்கிறார்கள்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-ல் பிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர்கள் நிறைந்த சபையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அமர்வில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பது அது. ஒருவர் கணக்குக் கொடுப்பார், ஒருவர் பாட்டுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் முதுகில் பொருளைப் போட்டுக்கொண்டே இருப்பார். அத்தனையையும் மனத்தில் வாங்கி, வரிசை தவறாமல் விடை சொல்வார். அவர் கண்ணைக் கட்டவில்லை. 'சந்தேகப்பட்டால் வராது' என்று சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்களையே சபையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கச் சொன்னார். அந்த வித்தை இரண்டு நாளில் வந்ததா? பிள்ளைப் பிராயம் முதல் படித்த படிப்பும் பழகிய பழக்கமும் அல்லவா? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மூளைப் பயிற்சிக்கு அதுதான் வழி. குறுக்கு வழியில் போகிறவன் கல்லை அல்ல, காசைத்தான் தேய்க்கிறான்.

கண்ணில்லாதவர்களுக்கு உதவும் உண்மையான வித்தைகளும் உண்டு. லூயி பிரெயில் என்ற பிரெஞ்சுக்காரர் மூன்று வயதில் விபத்தில் கண்ணில் காயம்பட்டுப் பின்பு இரு கண்ணும் இழந்தவர். பதினைந்து வயதிலேயே ஆறு புள்ளிகளைக் கொண்டு ஓர் எழுத்து முறையை உருவாக்கினார். இன்று தமிழும் அதில் உண்டு. விரலால் படிக்கிறார்கள், ஆனால் மேடாக எழும்பிய புள்ளியைத்தான் படிக்கிறார்கள், நிறத்தையும் மையையும் அல்ல. 1969-ல் பால் பாக்-இ-ரீட்டா என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நாற்காலி செய்தார். காமிரா பார்ப்பதை முதுகில் நானூறு சிறு அதிர்வுகளாக மாற்றிக் கொடுத்தது அது. பார்வையற்றவர்கள் பழகப் பழக எதிரே இருக்கும் பொருளை இன்னதென்று சொன்னார்கள். மூளையின் ஆற்றல் அபாரமானது, சந்தேகமில்லை. ஆனால் அங்கேயும் வெளிச்சத்தை வாங்க ஒரு காமிராக் கண் வேண்டியிருந்தது, பழக்கமும் வேண்டியிருந்தது.

நம் ஜொகூர் பாருவிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று இளவரசி எலிசபெத் பெயரில் ஒரு பள்ளி 1948-லிருந்து இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகள் அங்கே புள்ளி எழுத்தைத் தடவித் தடவிக் கற்றுக் கரையேறியிருக்கிறார்கள். கண்ணில்லாமல் பார்க்கக் கற்றுக் கொடுக்கத் தெரிந்தவர் நிஜமாகவே ஒருவர் இருந்தால், அவர் ஓட்டலில் மண்டபம் பிடித்து, கண் உள்ள பிள்ளைகளுக்குக் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருப்பாரா? நேரே அந்தப் பள்ளியின் வாசலில் போய் நிற்க மாட்டாரா? விளம்பரத் தாளைக் கையில் பிடித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி இதுதான்.

சரி, கூலாய்க்குத் திரும்புவோம்.

அன்றிரவு சாப்பாடு முடிந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வெகு நேரம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு அவனே சொன்னான்.

"தாத்தா, கீழே கொஞ்சம் தெரியுது."

"எனக்கும் தெரியும் ஐயா. நானும் சின்ன வயசிலே கண்ணாமூச்சி ஆடியிருக்கேன்."

"முதல் நாளே அங்கே சொன்னேன். தெரியுதுன்னு சொல்லக்கூடாது, அது மூளை காட்டுறதுதான்னு சொன்னாங்க. எல்லாப் பிள்ளைகளும் சொன்னாங்க. நான் மட்டும் சொல்லலைன்னா அப்பா..." அத்தோடு நிறுத்திக்கொண்டான். பிறகு கேட்டான்: "அப்பா காசு போயிடுமா தாத்தா?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு மாதமாக இந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறது. விருந்தாளி வந்தால் துணி, தீபாவளிக்கு வந்தவர்களுக்கு முன்னால் துணி, கோயில் கூட்டத்தில் துணி. கை தட்டல் கூடக் கூடப் பயமும் கூடியிருக்கிறது. அவனைப் பொய்யன் என்று யார் சொல்ல முடியும்? பெரியவர்களின் ஆசைக்காகப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது யார்?

"உங்க அப்பாகிட்ட நான் சொல்றேன். உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றேன். பிறகு ஏதோ தோன்ற, தெரு முனையில் விளக்கடியில் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டி, "அதைப் படி" என்றேன்.

கண்ணைச் சுருக்கினான். தலையைச் சாய்த்தான். "எழுத்து கலங்குது தாத்தா."

வாசகர்களே, என்ன சொல்ல! கட்டிய கண்ணால் படிக்கிறான் என்று ஊரே கை தட்டியது. கட்டாத கண்ணுக்கு வகுப்புப் பலகை தெரியவில்லை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. மடியில் இருக்கும் அட்டை தெரிந்தது, ஏனென்றால் அது கிட்டத்தில் இருந்தது. ஆசிரியர் எழுதியதைப் பாதி விட்டது கவனக் குறைவால் அல்ல.

மறுநாள் காலை மாப்பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். கைக்குட்டையை எடுத்து அவர் கண்ணையே கட்டி, மடியில் செய்தித்தாளை வைத்தேன். நான்கு வரி படித்தார். துணியை அவிழ்த்து, வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"காசு போனா சம்பாதிச்சுக்கலாம் மாமா. ரெண்டு மாசமா என் பிள்ளை எனக்குப் பயந்து நடிச்சிருக்கான். அதைத்தான் தாங்க முடியலை" என்றார்.

போய்ப் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே கண்ணாடிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்த பையன், எதிர்ச் சாரிக் கடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தானாம். செலவு, பயிற்சிக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமல்ல. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்து வந்த தலைமுறைக்கு, படிப்பு ஒன்றுதான் ஏணி. அந்த ஆசையை அறிந்தவர்கள்தான் அதை விலை பேச வருகிறார்கள். அவர்கள் வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். அட்டையைப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் பிடித்தால் சொல்வானா? அறை விளக்கை முழுவதும் அணைத்துவிட்டால் சொல்வானா? உறைக்குள் வைத்து நான் கொண்டு வந்த தாளைப் படிப்பானா? கண்ணால் பார்க்கவில்லை என்றால் இவை மூன்றும் ஒன்றுதானே! 'சோதிக்கக்கூடாது' என்று பதில் வந்தால், எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். நாலு பேர் எதிரில் சோதிக்கவும் வேண்டாம். தனியாக அழைத்து, "கீழே தெரிஞ்சாலும் பரவாயில்லை, அம்மாவுக்குக் கோபமில்லை" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அது அழுதால் அழட்டும். இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

அப்புறம், படிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு மூளையைச் சோதிக்கும் முன் கண்ணையும் காதையும் சோதியுங்கள். இரவில் நேரத்தோடு தூங்க வையுங்கள். தினமும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கைப்பேசியை அந்தப் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். இதற்கெல்லாம் யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள். மேடையில் கை தட்டலும் கிடைக்காது.

போன வாரம் பேரன் தொலைபேசியில் கூப்பிட்டான். "தாத்தா, கணக்குல எழுபத்திரண்டு" என்றான். முன்னே ஐம்பதைத் தாண்டாதவன். "எப்படி ஐயா?" என்று கேட்டேன்.

"டீச்சர் எழுதுறது தெரியுது தாத்தா" என்றான்.